கேள்வி – பதில்: கோடையில் கடல் சேறு ஏன் கைவிரிக்கிறது?

கே: சூடு கூடினால் பாக்டீரியா வேகமாக வேலை செய்யும் என்றுதான் படித்தோம். ஆனால் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில், கோடை வந்தால் அடிச்சேற்றில் நைட்ரஜன் நீக்கம் ஏறக்குறைய நின்றே போகிறதாமே?
– வாசகி, நாகர்கோவில்

ப: வேகமாகத்தான் வேலை செய்கிறது. வினையே அங்குதான்.

சேற்றிலுள்ள நைட்ரஜன் வாயுவாக வெளியேற, இரண்டு கை மாற வேண்டும். செத்த பாசி அழுகும்போது முதலில் கிடைப்பது அம்மோனியம். ஒரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்குகிறது, இதுதான் நைட்ரிஃபிகேஷன். ஓர் அம்மோனியத்துக்கு இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறு செலவாகும். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றுகிறது, இது டீநைட்ரிஃபிகேஷன். முன்னதற்கு ஆக்சிஜன் இல்லாமல் முடியாது, பின்னதற்கு ஆக்சிஜன் ஆகாது. இரண்டும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் குடித்தனம் நடத்துகின்றன.

வசந்தத்தில் சஸ்குவெஹானா ஆறு பெருகி நைட்ரேட்டைக் கொண்டுவந்து கொட்டுகிறது. பாசி பெருகி, மடிந்து, அடியில் படிகிறது. ஆற்றின் நன்னீர் மேலே, கனமான உப்புநீர் கீழே என்று நீர் இரண்டு அடுக்காக நிற்பதால் காற்று கீழே இறங்க வழியில்லை. வெப்பம் ஏற ஏற அழுகல் வேகம் பிடித்து, இருந்த ஆக்சிஜனையும் தின்று தீர்க்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆழமான பகுதிகளின் அடிநீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு.

ஆக்சிஜன் போனால் நைட்ரிஃபிகேஷன் நிற்கிறது. போதாததற்கு, சேற்றில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அந்த பாக்டீரியாக்களுக்கு நஞ்சு. நைட்ரேட் வராததால் டீநைட்ரிஃபிகேஷன் கூட்டம் சும்மா கிடக்கிறது. மிச்சமிருக்கும் கொஞ்ச நைட்ரேட்டையும் வேறு பாக்டீரியாக்கள் அம்மோனியமாகவே திருப்பிவிடுகின்றன. அம்மோனியம் முழுக்க மேல்நீருக்குப் போய் மறுபடி பாசிக்கு உரமாகிறது. இலையுதிர் காலத்தில் நீர் குளிர்ந்து, காற்றடித்து அடுக்கு கலைந்த பிறகுதான் மேல்சேற்றில் ஆக்சிஜன் நுழைகிறது. புழுக்கள் திரும்பிவந்து வளை தோண்டினால் இன்னும் நல்லது: வளையின் சுவர் ஒவ்வொன்றும் ஆக்சிஜன் எட்டும் புதுப் பரப்பு.

கே: ஆய்வுக்காக 9 செ.மீ. உள்விட்டமுள்ள அக்ரிலிக் குழாய்களில் சேறு எடுத்து அம்மோனிய வெளியேற்றம் அளக்கிறேன். மூன்றில் ஒரு குழாய் மட்டும் மூன்று மடங்கு காட்டுகிறது. அதைத் தள்ளிவிடலாமா?
– ஆய்வு மாணவர், தூத்துக்குடி

ப: தள்ளாதீர்கள். சோதனை முடிந்ததும் அந்தச் சேற்றை 0.5 மி.மீ. சல்லடையில் அலசிப் பாருங்கள். பெரிய புழுவோ சிப்பியோ இருந்தால் அது பிழையல்ல, தரவு. குழாய்களைக் கூட்டுங்கள், மூன்று போதாது.

மற்றபடி கவனிக்க வேண்டியவை: குழாயை இருட்டில், எடுத்த இடத்தின் வெப்பநிலையிலேயே வையுங்கள். ஆய்வகச் சூட்டில் வைத்தால் பருவ வேறுபாடே அழிந்துவிடும். மேல்நீரை மெதுவாகக் கலக்குங்கள். சேறு கலங்கினால் துளைநீரிலுள்ள (சேற்றுத் துகள்களின் இடுக்கில் நிற்கும் நீர்) அம்மோனியம் ஒரேயடியாக வெளியேறிக் கணக்கைக் கெடுக்கும். ஆக்சிஜன் தொடக்க அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததும் நிறுத்துங்கள். அதற்குமேல் ஓடவிட்டால் வசந்தத்துச் சேற்றைக் குழாய்க்குள்ளேயே கோடைச் சேறாக மாற்றியிருப்பீர்கள். குறைந்தது நான்கு நேரப் புள்ளிகள் வேண்டும். சேறில்லாமல் கடல்நீர் மட்டும் நிரப்பிய குழாய் ஒன்றையும் கூடவே ஓட்டி, அதன் மாற்றத்தைக் கழித்துவிடுங்கள்.

கணக்கு எளிது. மேல்நீர் உயரம் 20 செ.மீ., அம்மோனியம் மணிக்கு லிட்டருக்கு 1 மைக்ரோமோல் ஏறுகிறது என்றால், ஒரு கன மீட்டருக்கு 1,000 லிட்டர், உயரம் 0.2 மீட்டர்: 1,000 × 0.2 = 200. அதாவது சதுர மீட்டருக்கு மணிக்கு 200 மைக்ரோமோல். குழாயின் விட்டம் இதில் வரவே வராது. அதைப் போட்டுப் பெருக்கிக் குழம்புபவர்கள் நிறைய.

டீநைட்ரிஃபிகேஷனை அளக்கப் பழைய அசிட்டிலீன் முறையை (அசிட்டிலீன் வாயுவால் அதன் கடைசிப் படியை அடைத்து, சேரும் நைட்ரஸ் ஆக்சைடை அளப்பது) தொடாதீர்கள். அசிட்டிலீன் நைட்ரிஃபிகேஷனையும் சேர்த்தே அடைத்துவிடுவதால், சேற்றுக்குள்ளேயே பிறக்கும் நைட்ரேட் கணக்கில் விழாது. நைட்ரஜன்–ஆர்கான் விகித முறையில் (நீரில் கரைந்த நைட்ரஜனை, வினைபுரியாத ஆர்கான் வாயுவோடு ஒப்பிட்டு அளப்பது) ஒரேயொரு காற்றுக்குமிழி போதும், மாதிரி வீண்.

கே: நம் கடற்கரையிலும் இதே கதைதானா?
– வாசகர், சிதம்பரம்

ப: அப்படியே பொருத்திவிடக் கூடாது. செசபீக்கில் குளிர்காலத்துக்கும் கோடைக்கும் வெப்ப வித்தியாசம் அதிகம். நம் பக்கம் அது குறைவு. இங்கே பருவத்தைத் தீர்மானிப்பது மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, உங்களுக்குப் பக்கத்திலிருக்கும் பரங்கிப்பேட்டை வெள்ளாற்று முகத்துவாரத்தில் உப்புத்தன்மை சரிகிறது. நன்னீரில் களிமண் துகள்கள் அம்மோனியத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மழை ஓய்ந்து உப்பு ஏறும்போது சோடியமும் மற்ற அயனிகளும் அந்த இடத்தைப் பிடிக்க, அம்மோனியம் கழன்று வெளியே வரும். ஆகவே ஜனவரியில் அம்மோனியம் கூடுவதைக் கண்டதும் பாக்டீரியாவின் வேலை என்று எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு மாதிரியோடும் உப்புத்தன்மையையும் குறித்துவையுங்கள்.