வீட்டு எம்.சி.பி. சோலாருக்கு ஏன் ஆகாது?

கேள்வி: ஆண்டிபட்டி பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் 330 வாட் பேனல் இரண்டு சீரிஸில் இருக்கின்றன. 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி இரண்டு சேர்ந்து 24 வோல்ட். பேனல் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சார்ஜ் கன்ட்ரோலர் 40 ஆம்பியர், எம்.பி.பி.டி. வகை. பேனல் வயர், பேட்டரி வயர் இரண்டிலும் வீட்டு போர்டில் போடும் எம்.சி.பி.யையே (கரண்ட் மிகுந்தால் தானே ட்ரிப் ஆகி அணையும் சுவிட்ச்) எலக்ட்ரீஷியன் மாட்டியிருக்கிறார். மதியம் பேனல் பக்கம் ஆஃப் செய்தால் உள்ளே சர்ரென்று சத்தம், நீல வெளிச்சம். இது சரிதானா? எதை முதலில் ஆஃப் செய்ய வேண்டும்?

பதில்: சரியில்லை. இனி வெயில் நேரத்தில் அதைத் தொடாதீர்கள்.

வீட்டுக்கு வரும் ஏ.சி. மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புகிறது. சுவிட்ச் திறக்கும்போது கிளம்பும் பொறி அந்த நொடியில் அணைந்துவிடும். பேனலும் பேட்டரியும் தருவது ஒரே திசையில் ஓடும் டி.சி.; அதற்கு அப்படி ஓய்வே கிடையாது. உங்கள் இரண்டு பேனலும் சேர்ந்தால், சுமை இல்லாதபோது சுமார் 92 வோல்ட். பொறி அணையாமல் இழுத்துக்கொண்டு நிற்கிறது. நீங்கள் கேட்ட சத்தம் அதுதான். ஒருநாள் எம்.சி.பி.யே உருகி எரியும்.

பேனல் பக்கம் 16 ஆம்பியர், இரண்டு போல் (பிளஸ், மைனஸ் இரண்டு வயரையும் துண்டிப்பது), 250 வோல்ட் டி.சி. அல்லது அதற்கு மேல் என்று அச்சிட்ட எம்.சி.பி. போடுங்கள். ஆனால் ஒன்று: அது ட்ரிப் ஆகும் என்று நம்பி இருக்காதீர்கள். இந்த அளவு பேனலை ஷார்ட் செய்தாலும் 9 ஆம்பியர் சொச்சம்தான் வரும். அங்கே அது பெரும்பாலும் ஒரு சுவிட்ச் மட்டுமே. (கன்ட்ரோலரின் உச்ச வரம்பு 100 வோல்ட் என்று எழுதியிருந்தால் பேனல்களைப் பேரலலாக மாற்றி, எம்.சி.பி.யை 32 ஆம்பியராக்குங்கள். மார்கழிக் குளிரில் பேனல் வோல்டேஜ் இன்னும் கொஞ்சம் ஏறும்.)

உண்மையான ஆபத்து பேட்டரிப் பக்கம். பேட்டரியிலிருந்து வரும் பிளஸ், மைனஸ் வயர்கள் எங்காவது ஒன்றையொன்று தொட்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். வயர் சிவக்கக் காயும். அங்கே பிரேக்கர் (அதாவது எம்.சி.பி.) காப்பாற்றுவது வயரை. அதனால் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு அடிக்குள் இருக்க வேண்டும். கன்ட்ரோலர் பக்கத்தில் வைத்தால் இடையிலுள்ள வயருக்குக் காவல் இல்லை. 40 ஆம்பியர் கன்ட்ரோலருக்கு 50 ஆம்பியர் டி.சி. பிரேக்கர், 16 ஸ்கொயர் (சதுர மி.மீ.) செம்பு வயர். பேட்டரிக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம். சார்ஜ் ஆகும்போது வரும், பொறி பட்டால் வெடிக்கும் ஹைட்ரஜன் மேலேதான் போகும்.

கடைக்காரர்கள் சொல்லாத விஷயம் ஒன்று. டி.சி. எம்.சி.பி. பலவற்றில் + − குறி இருக்கும். உள்ளே உள்ள சிறு காந்தம் பொறியை அணைக்கும் அறைக்குள் தள்ளுகிறது. மின்சாரம் எதிர்த்திசையில் வந்தால் காந்தம் பொறியை வெளிப்பக்கம் தள்ளும். பேட்டரி வயரில் சாதாரணமாகக் கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்குப் போகிறது. ஷார்ட் ஆனால் பேட்டரியிலிருந்து திரும்பி வருகிறது. இரண்டு திசையும் உண்டு. அதனால் இங்கே குறி இல்லாத, நான்-போலரைஸ்டு பிரேக்கரைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் டி.சி. ஃப்யூஸ் போடுங்கள், அதற்குத் திசைக் கவலை இல்லை. இன்வெர்ட்டர் இருந்தால் கன்ட்ரோலரின் லோடு முனையில் மாட்டாமல், தனி ஃப்யூஸ் வழியாக நேரே பேட்டரியில் மாட்டுங்கள்.

இனி வரிசை. இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. பேட்டரியைப் பார்த்துத்தான் பல கன்ட்ரோலர்கள் இது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று முடிவு செய்யும். பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் ஏறினால் சில கன்ட்ரோலர்கள் பழுதாகிவிடும்.

இப்போதுள்ள எம்.சி.பி.களை இருட்டிய பிறகு மாற்றச் சொல்லுங்கள். பேனல் அப்போது உறங்கும்; பேட்டரி உறங்காது. மோதிரத்தைக் கழற்றிவிட்டு, ஸ்பானர் பிடியில் டேப் சுற்றிக்கொண்டு, முதலில் பேட்டரியின் நெகட்டிவை எடுக்க வேண்டும். புதியதை மாட்டியபின் ஒரு வாரம் கழித்து எல்லா ஸ்க்ரூவையும் மறுபடி முடுக்குங்கள்.