அடிக்காமல் நாயைப் பழக்க முடியுமா? போட்டிக்குப் போகாத வீட்டு நாய்க்கு அஜிலிட்டி வகுப்பு எதற்கு?

கேள்வி கேட்டவர் சொன்னதன் சுருக்கம் இது. நாய்க்கு ஒன்றரை வயது. வெளியே போனால் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடுகிறான், கூப்பிட்டால் வருவதில்லை. ‘அடியாத மாடு பணியாது’ என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். கழுத்தை இறுக்கும் சங்கிலி போடு என்கிறார் ஒருவர், தின்பண்டம் கொடுத்தே பழக்கலாம் என்கிறார் இன்னொருவர். தின்பண்டத்தில் ஆரம்பித்தால் ஆயுசு முழுக்கக் கையில் வைத்துக்கொண்டே திரிய வேண்டுமா? போட்டிக்குப் போகும் எண்ணமே இல்லாதபோது, தடைகளைத் தாண்டி ஓடப் பழக்கும் அஜிலிட்டி வகுப்பில் சேர்ப்பதால் ஏதாவது பயன் உண்டா?

அடிக்காமல் பழக்க முடியும். வகுப்பிலும் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் எந்த வகுப்பு என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே. என் நாய் சிட்டு இரண்டு விதமான வகுப்புகளையும் பார்த்தவள். அவள் கதையைச் சொன்னால் மற்றது சுலபமாகப் புரியும்.

சிட்டு எங்களிடம் வந்தபோது அவளுக்கு ஏறக்குறைய ஒரு வயது. பாத்திரம் விழுந்தால்கூடக் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். கொஞ்சம் தைரியம் வரட்டும் என்றுதான் அஜிலிட்டி வகுப்பில் சேர்த்தேன். மூன்றாவது வாரமே சீசா பலகைக்குக் கொண்டுபோனார்கள். குழந்தைகள் ஏறி ஆடுவது போன்ற பலகைதான், இன்னும் நீளமாக இருக்கும். நாய் ஒரு முனையில் ஏறி நடுவைத் தாண்டியதும் மறுமுனை ‘டமார்’ என்று தரையில் இறங்கும். சிட்டு பலகையை முகர்ந்துவிட்டுப் பின்வாங்கினாள். பயிற்சியாளர் கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, “ஒரு தடவை ஏத்திட்டா சரியாப்போயிடும்” என்று சொல்லி இழுத்தார். அவள் வயிறு பலகையில் உரச உரசத்தான் ஏறினாள். நடுவுக்கு வந்ததும் பலகை சாய்ந்தது, சத்தம் வந்தது, அவள் பக்கவாட்டில் குதித்துவிட்டாள். அடுத்த வாரம் மைதானத்தின் வாசலிலேயே படுத்துக்கொண்டாள். சீசா கிடக்கட்டும், அந்த வாசலே அவளுக்குப் பயமாகிவிட்டிருந்தது.

பல மாதங்கள் கழித்து வேறொரு வகுப்புக்குப் போனோம். முதல் நாள் ஒரு தடையைக்கூடத் தொடவில்லை. ஒரு பாயை விரித்து உட்காரச் சொன்னார்கள், அவ்வளவுதான். சிட்டு தானாக என்னைத் திரும்பிப் பார்த்தால் ஒரு துண்டு வேகவைத்த கோழி. மறுபடி பார்த்தால் மறுபடி ஒரு துண்டு. சீசாவைப் பிரித்துப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அசைவு ஒரு பாடம், சத்தம் ஒரு பாடம், உயரம் ஒரு பாடம். அசைவுக்கு, ஒரு சிறு பலகைக்கு அடியில் மெத்தென்ற ஒன்றை வைத்து ஆட விட்டார்கள். சத்தத்துக்கு, சீசாவின் முனையைப் பயிற்சியாளர் தரைக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்துக்கொள்வார். சிட்டு முன்காலால் அதை அழுத்தினால் லேசாக ‘டக்’ என்று கேட்கும், உடனே கோழி. நாலைந்து தடவையிலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள்: சத்தத்தை உண்டாக்குவது நானேதான், அது வந்தால் கோழியும் வருகிறது! அதற்குப் பிறகு எங்களை இழுத்துக்கொண்டு பலகையிடம் போனது அவள்தான். முழு உயரத்தில் ஓடிக் கடக்க ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரத்தில் ஒரு நாள்கூட யாரும் அவளைப் பலகை மேல் தூக்கி வைக்கவில்லை. வேண்டாம் என்றால் இறங்கிப் போகலாம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் ஏறினாள் என்பது என் உறுதியான எண்ணம்.

இது செல்லம் கொடுப்பது மாதிரி வெளியே தெரியலாம். இதற்குப் பின்னால் நூறு வருடங்களுக்கு மேலான ஆராய்ச்சி இருக்கிறது. 1898-இல் அமெரிக்க உளவியலாளர் தார்ண்டைக் பூனைகளைப் பெட்டிகளில் அடைத்து, அவை எப்படித் தாழ்ப்பாளைத் திறக்கக் கற்றுக்கொள்கின்றன என்று கவனித்தார். நல்ல பலன் தந்த செயல் திரும்பத் திரும்ப வருகிறது என்பதுதான் அவர் கண்டது. அதைப் பின்னாளில் ஸ்கின்னர் என்ற இன்னோர் உளவியலாளர் விரிவாக ஆராய்ந்தார். அவருடைய மாணவர்களான கெல்லர், மரியான் பிரெலண்ட் தம்பதி 1940-களில் ஆய்வகத்தை விட்டு வெளியே வந்து, கோழி முதல் பன்றி வரை பலவகை விலங்குகளை இந்த முறையில் பழக்கினார்கள். ‘சரி, இதுதான்’ என்று அந்த நொடியிலேயே விலங்குக்குச் சொல்லும் ஒரு சத்தத்தைப் பயன்படுத்தும் வழக்கம் அப்படித்தான் வளர்ந்தது. இன்று வகுப்புகளில் கையில் வைத்து ‘கிளிக்’ என்று அழுத்தும் சின்னக் கருவி அதன் வாரிசு. கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ‘யெஸ்’ என்று எப்போதும் ஒரே மாதிரிச் சொல்லும் ஒரு குட்டிச் சொல் போதும்.

அந்தச் சத்தத்தின் அருமை நேரத்தில் இருக்கிறது. நாய் உட்காருகிறது. நீங்கள் பையில் கையை விட்டுத் தேடுகிறீர்கள். அதற்குள் அது எழுந்துவிடுகிறது. அப்போது கொடுக்கும் துண்டு எழுந்ததற்கான கூலி. பின்பகுதி தரையைத் தொட்ட நொடியில் ‘யெஸ்’ விழுந்துவிட்டால், தின்பண்டம் இரண்டு விநாடி தாமதித்து வந்தாலும் எதற்குக் கிடைத்தது என்று நாய்க்குத் தெரியும்.

இப்போது அந்தப் பழமொழிக்கு வருகிறேன். அடி, இறுக்கு, மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டையான ஷாக் காலர் இவையெல்லாம் சில சமயம் ஒரு செயலை அப்போதைக்கு நிறுத்தும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்று அவை சொல்லிக்கொடுப்பதே இல்லை. வலி வரும்போது கண்ணெதிரே எது இருக்கிறதோ அதோடு நாய் அந்த வலியை முடிச்சுப் போட்டுவிடும். எதிரே இன்னொரு நாய் வருகிறது, உங்கள் நாய் குரைக்கிறது, சங்கிலி இறுகுகிறது. ‘மற்ற நாய் வந்தால் கழுத்து வலிக்கும்’ என்று அது கற்றுக்கொண்டால் அடுத்த முறை இன்னும் பலமாகத்தான் குரைக்கும். உறுமியதற்காக அடி வாங்கிய நாய் இன்னும் ஆபத்து. உறுமல் என்பது எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் உள்ளே இருக்கும் பயம் போகாது, எச்சரிக்கை மட்டும் போய்விடும். பிறகு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கடிக்கும்.

‘நாய்க்கு நீதான் ஆல்ஃபா, அதாவது கூட்டத் தலைவன், என்று காட்ட வேண்டும்’ என்று யாராவது சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாத ஓநாய்களைச் சேர்த்து அடைத்து வைத்துக் கவனித்ததிலிருந்து கிளம்பிய கருத்து அது. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-இலேயே எழுதிவிட்டார். முன்பு அந்தச் சொல்லைப் பரப்பியவர்களில் அவரும் ஒருவர் என்பதால் இதற்குக் கூடுதல் கனம் உண்டு. விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், வெகுமதி அடிப்படையிலான பயிற்சியை மட்டுமே பரிந்துரைக்கிறது. வேல்ஸ் நாடு நாய், பூனைகளுக்கு ஷாக் காலர் போடுவதை 2010-லேயே தடை செய்துவிட்டது.

ஆயுசு முழுக்கத் தின்பண்டமா என்று கேட்டிருந்தீர்கள். புதிதாக ஒன்றைக் கற்கும்போது தாராளமாகக் கொடுங்கள். கையில் துண்டை வைத்துக் காட்டி உட்கார வைப்பது மூன்று நான்கு தடவை போதும். அடுத்த தடவை வெறும் கையால் அதே சைகையைச் செய்துவிட்டு, உட்கார்ந்த பிறகு இன்னொரு கையால் பையிலிருந்து எடுத்துக் கொடுங்கள். இந்தப் படியைத் தாண்டாதவர்களின் நாய்தான் கையில் இருந்தால் மட்டும் கேட்கும் நாயாக நின்றுவிடுகிறது. பாடம் பதிந்த பிறகு, வாழ்க்கையில் கிடைப்பதையே கூலியாக்கலாம். உட்கார்ந்தால் கதவு திறக்கும். பக்கத்தில் நடந்தால் அந்த மரத்தை முகர்ந்து பார்க்கலாம். ஒன்று மட்டும் எச்சரிக்கை: துண்டுகள் கடலை அளவுக்குச் சிறிதாக இருக்கட்டும். ஒரு நாளின் மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டம் போகக் கூடாது. சாக்லேட், திராட்சை, வெங்காயம், சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் கலந்த எதுவும் நாய்க்கு நஞ்சு.

உங்கள் நாய் கயிற்றை இழுப்பதற்கும் இதே கணக்குதான். இழுத்தால் முன்னே போக முடிகிறது, அதனால் இழுக்கிறான். கயிறு விறைத்த நொடியில் நின்றுவிடுங்கள். தளர்ந்தால் நடங்கள். உங்கள் காலுக்கு அருகில் வரும்போதெல்லாம் அங்கேயே ஒரு துண்டு கொடுங்கள். முதல் வாரம் தெருமுனை வரைகூடப் போக முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் வராததற்குக் காரணம், அந்தச் சொல்லைக் கேட்டு வந்தபோதெல்லாம் விளையாட்டு முடிந்திருக்கிறது, கயிறு மாட்டப்பட்டிருக்கிறது, சில நேரம் திட்டும் விழுந்திருக்கிறது. பழைய சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுக்குள் ஆரம்பித்து, அப்புறம் வெளியே நீளமான கயிற்றைக் கழுத்தில் கட்டாமல் மார்புப் பட்டையில் கட்டிப் பழக்குங்கள். வந்ததும் ஒரு துண்டு கொடுத்து மறுபடி விளையாட விட்டுவிடுவதுதான் இதில் முக்கியமான பகுதி. எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் திட்டாதீர்கள்.

சரி, அஜிலிட்டி. 1978-இல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், நிகழ்ச்சிகளுக்கு நடுவே பார்வையாளர்களுக்கு ஏதாவது காட்ட வேண்டுமே என்று குதிரைத் தாண்டல் போட்டியைப் பார்த்து உருவாக்கிய விளையாட்டு இது. தாண்டும் தடைகள், டனல் எனும் வளைந்த குழாய், ஆங்கில A எழுத்து வடிவில் சாய்ந்து நிற்கும், ஏறி இறங்கும் ஏ ஃப்ரேம், உயரத்தில் நடக்கும் குறுகலான பலகை, சீசா, வரிசையாக நட்ட 12 கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடுவது. போட்டியில் நாயைத் தொடக் கூடாது, தின்பண்டம் கையில் இருக்கக் கூடாது. குரலும் உடம்பும் மட்டும்தான்.

போட்டி வேண்டாதவர்களுக்கு இதில் என்ன கிடைக்கிறது? எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் “டனல்” என்று தெளிவாகச் சொன்னேன். சிட்டு பக்கத்தில் இருந்த தடையைத் தாண்டினாள். மறுபடி சொன்னேன், மறுபடி அதே தடை. பயிற்சியாளர் என் தோளைத் தொட்டு, “உங்க காலும் தோளும் தடையைப் பாத்துட்டு இருக்கு, அவ அதைத்தான் கேக்கறா” என்றார். பாதத்தை டனல் பக்கம் திருப்பினேன், ஒன்றும் சொல்லவே இல்லை, உள்ளே போய்விட்டாள். நாய் நம் வாயைவிட நம் உடம்பைத்தான் அதிகம் படிக்கிறது என்பதை அன்றைக்கு நேரில் பார்த்தேன். அதற்குப் பிறகு வீட்டில் அவள் ‘கேட்காத’ போதெல்லாம், என் உடம்பு என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று யோசிக்க ஆரம்பித்தேன். ஓடிக்கொண்டே, உற்சாகத்தின் உச்சியில் இருக்கும்போதே கேட்டுப் பழகிய நாய், தெருவில் பூனையைப் பார்க்கும்போதும் ஒரு கணம் திரும்பிப் பார்க்கும். உங்கள் கூப்பிடும் பிரச்சினைக்கு இது நேரடியாக உதவும்.

உங்கள் நாயின் வயது சரியான வயதுதான். வளரும் எலும்புகளின் முனைகள் இறுகுவதற்கு முன்னால் உயரத் தாண்டல் கூடாது. சிறிய நாய்களுக்கு ஏறக்குறைய ஒரு வயதில் இறுகும், பெரிய இனங்களுக்கு இன்னும் சில மாதங்கள் பிடிக்கும். சர்வதேச நாயினக் கூட்டமைப்பான எஃப்சிஐ நடத்தும் போட்டிகளில் 18 மாதம் ஆகாத நாயைச் சேர்ப்பதே இல்லை. இருந்தாலும் ஆரம்பிக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் இடுப்பு, முழங்கால், எடை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தரை வழுக்கக் கூடாது. வெயிலில் வேண்டவே வேண்டாம். நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் மூச்சிரைப்பால்தான், அதனால் சீக்கிரம் துவண்டுவிடும்.

வகுப்பைத் தேர்ந்தெடுக்க, முதலில் நாயை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய் ஒரு முழு வகுப்பைப் பாருங்கள். பார்க்க விடமாட்டேன் என்றால் அந்த இடம் வேண்டாம். பயிற்சியாளர் பேசுவதைவிட நாய்களைக் கவனியுங்கள். பசியில்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கமில்லாதபோது கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, வாலை ஒடுக்குவது எல்லாம் மனம் சங்கடப்படும் அடையாளங்கள். கட்டுப்பாடில்லாமல் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும் நாய் சந்தோஷமாகத்தான் ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பல நேரம் அது தாங்க முடியாத படபடப்பு. பிறகு பயிற்சியாளரிடம் ஒன்று கேளுங்கள்: “நாய் ஏற மாட்டேன் என்றால் என்ன செய்வீர்கள்?” ‘பலகையை இறக்குவோம், பாடத்தை இன்னும் சின்னதாக்குவோம்’ என்ற பொருளில் பதில் வந்தால் சேருங்கள். ‘ஏற வைப்போம்’ என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ‘இத்தனை நாளில் சரிசெய்து தருகிறேன், உத்தரவாதம்’ என்பவரிடமும் வேண்டாம்.

வகுப்பு கிடைக்கும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. இன்று இரவே அவனுடைய தீனியிலிருந்து பத்துத் துண்டுகளை எடுத்து வையுங்கள். உங்கள் உள்ளங்கையை அவன் மூக்குக்கு நான்கு விரல் தள்ளி நீட்டுங்கள். அவனாக வந்து மூக்கால் தொட்டதும் ‘யெஸ்’, ஒரு துண்டு. கையை அவன் மூக்கிடம் கொண்டுபோகாதீர்கள், அவன் வரட்டும். பிறகு கையைக் கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் வலப்பக்கம், ஓரடி தள்ளி. பின்னாளில் அவனைத் தடைகளுக்கு நடுவே திருப்பப்போவதும், தெருவில் கூப்பிட்டதும் உங்களிடம் கொண்டுவரப்போவதும் இதே கைதான். பத்தாவது துண்டு தீர்ந்ததும், அவன் இன்னும் ஆசையாகக் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நிறுத்திவிடுங்கள்.