அம்மாவின் காலில் வெள்ளைப் பொட்டுகள்: பயப்பட வேண்டாம்

63 வயது அம்மாவின் முழங்காலுக்குக் கீழே அரிசி அளவில் வெள்ளைப் பொட்டுகள், அது வெண்புள்ளி நோயோ என்ற பயம், அதனால் தங்கையின் கல்யாணப் பேச்சு கெடுமோ என்ற கவலை. நீங்கள் எழுதிய இதைப் படித்ததும் மனம் கனத்தது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது வயதால் வரும் பொட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனோசைட் செல்கள் 30 வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் 10 முதல் 20 விழுக்காடு வரை குறைகின்றன. ஆனால் எல்லா இடத்திலும் சீராகக் குறைவதில்லை. வெயில் பட்ட கால், முன்கைகளில் அங்கங்கே நிறம் போய், 2 முதல் 5 மில்லிமீட்டர் அளவில் பொட்டு விழும். எண்ணிக்கை கூடலாம், ஒவ்வொரு பொட்டும் பெரும்பாலும் அதே அளவில் நின்றுவிடும். என் அம்மாவுக்கும் இப்படித்தான், பதினைந்து வருடங்களாக.

வெண்புள்ளி அப்படியல்ல. அது படர்ந்து ஒன்றோடொன்று சேரும். உதடு, கண்ணோரம், விரல் நுனிகளில் அடிக்கடி தோன்றும். அதுவும் தொற்றாது.

பொட்டில் உணர்ச்சி மங்கியிருந்தாலோ, வேகமாகப் பெரிதானாலோ தாமதிக்காதீர்கள். மற்றபடி ஒருமுறை தோல் மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொண்டால் போதும். வெண்புள்ளிக்கு நாட்டு மருந்தாகத் தடவும் கார்போகரிசி எண்ணெயை நீங்களாகத் தடவிவிட்டு வெயிலில் உட்கார வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். தயவுசெய்து அம்மாவிடம் இன்றே பேசுங்கள்.