ஆல்ட்டோவில் கிளட்ச் பிளேட் மட்டும் மாற்றினால் போதுமா?

மேட்டில் இன்ஜின் இரைகிறது, வண்டி நகரவில்லை, பிளேட்டை மட்டும் மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் கேபிளைப் பாருங்கள். உங்கள் ஆல்ட்டோவில் கிளட்ச் கேபிளில் இயங்குகிறது. கேபிள் அதிகமாக இறுகியிருந்தால் பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பிளேட் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும். அப்படியே விட்டால் புதுப் பிளேட்டும் தேய்ந்துவிடும். பெடலில் கொஞ்சம் லூஸ் இருந்தே ஆக வேண்டும்.

கேபிள் சரியாக இருந்தும் வழுக்குகிறதா? அப்படியானால் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்ததும் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். கியர்பாக்ஸை இறக்காமல் இதில் எதையும் தொட முடியாது. பேரிங்கை மிச்சம் பிடித்து, பிறகு அது கிரீச்சிட்டால் இதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். (மிச்சம் பிடிக்கிற இடமா இது?)

கழற்றியதும் ஃபிளைவீலை (கிளட்ச் பிளேட் அழுந்திப் பிடிக்கும் இன்ஜின் சக்கரம்) நீங்களே பாருங்கள். நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்போ வெடிப்போ இருந்தால் அதை என்ன செய்வதென்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். அங்கே எண்ணெய்க் கசிவு இருந்தால் கிராங்க் ஆயில் சீலையும் (இன்ஜின் எண்ணெய் வெளியே கசியாமல் தடுக்கும் வளையம்) அப்போதே மாற்றச் சொல்லுங்கள். எண்ணெய் பட்ட பிளேட் புதிதானாலும் வழுக்கும். பிளேட்டை நடுவில் சரியாக நிறுத்தாமல் போல்ட்டை முறுக்கினால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் உள்ளே நுழையாது.

அப்புறம், ஓட்டும்போது இடது காலைக் கிளட்ச் பெடல்மேல் வைத்துக்கொண்டே போகாதீர்கள்.