கார் கூலண்ட் குறைந்துகொண்டே போகிறது, ஆனால் கீழே ஒரு சொட்டுகூட இல்லை. எங்கே லீக் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

என் வண்டியிலும் இதே கதைதான். பதினோரு வருடப் பழைய பெட்ரோல் கார். இரண்டு வாரத்தில் எஞ்சினைக் குளிர வைக்கும் கூலண்ட், அதன் டேங்கில் மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு இறங்கிவிடும். நிறுத்தும் இடமோ காய்ந்தே கிடக்கும். கொஞ்சம் ஊற்றுவேன், மறந்துவிடுவேன். ஒரு நாள் திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஏறும்போது, 18 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை, டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கிக் கிளம்பிவிட்டது. ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டேன். ஹீட்டருக்குள் ஓடுவதும் அதே கூலண்ட்தான் என்பதால் எஞ்சின் சூட்டில் ஒரு பங்கை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். வியர்த்து ஊற்றியது, ஆனாலும் முள் கொஞ்சம் இறங்கியது. ஓரங்கட்டி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அதுவரை கூலண்ட் மூடியைத் தொடவில்லை. சூட்டில் திறந்தால் கொதிக்கும் கூலண்ட் முகத்தில்தான் அடிக்கும்.

முதலில் போன மெக்கானிக் மூடியை மாற்றினார். அடுத்த முறை மேல் ஹோஸையும் கிளிப்பையும் மாற்றினார். அப்போதும் நிற்கவில்லை என்றதும், "பழைய வண்டின்னா கொஞ்சம் குடிக்கத்தான் சார் செய்யும்" என்றார். குடிக்காது சாமி! அது அடைத்து வைத்த சுற்று. ஆவியாகி அரை விரற்கடை குறைவது வருடக் கணக்கில் நடப்பது. இரண்டு வாரத்தில் இவ்வளவு இறங்கினால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

கீழே சொட்டாததற்குக் காரணம் இதுதான். வண்டி ஓடும்போது உள்ளே ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் இருக்கும். ஊசிமுனை ஓட்டை அப்போதுதான் கசியும். கசிந்தது சூடான இரும்பில் பட்டு அங்கேயே காய்ந்துவிடும். ஆறியபின் அழுத்தமும் இல்லை, கசிவும் இல்லை. அதனால் ஈரத்தைத் தேடாதீர்கள், கறையைத் தேடுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது டார்ச் அடித்துப் பார்த்தால், சுவரில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகவோ கூலண்டின் நிறத்திலோ ஒரு தடம் தெரியும். இன்னொன்று, ஏசி போட்டு ஓட்டியபின் முன்பக்கம் கீழே சொட்டுவது வெறும் தண்ணீர். தொட்டுப் பாருங்கள்: நிறமும் வாசனையும் இருக்காது. கூலண்ட் என்றால் விரலில் வழவழக்கும், இனிப்பாக ஒரு வாடை வரும்.

கடைசியில் ஒரு ரேடியேட்டர் பட்டறை அண்ணன்தான் கண்டுபிடித்தார். அவரிடம் சைக்கிள் பம்பு மாதிரி ஒரு பிரஷர் டெஸ்டர் இருந்தது. ஆறிய எஞ்சினில் மூடியைக் கழற்றி அதை மாட்டினார். மூடியில் 1.1 பார் என்று போட்டிருந்தது, அதற்குமேல் போகாமல் அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் முள் இறங்கியிருந்தது. கையைக் கீழே விட்டு வாட்டர் பம்ப்பின் அடியைத் தடவி விரலை நீட்டினார். பச்சை ஈரம். பம்ப்பின் அடியில் வேண்டுமென்றே ஒரு சிறு துளை வைத்திருப்பார்கள். உள்ளே சீல் தேய்ந்தால் கூலண்ட் பேரிங்கைக் கெடுக்காமல் அந்த வழியாக வெளியே வரும். துளையை எம்-சீல் வைத்து அடைக்கலாமா என்று கேட்டேன். அண்ணன் பதிலே சொல்லவில்லை, சிரித்தார்.

டெஸ்டர் முள் இறங்கியும் வெளியே ஈரமே இல்லையென்றால் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள், டேஷ்போர்டுக்குள் ஹீட்டர் கோர் (ஹீட்டருக்குச் சூடு தரும், கூலண்ட் ஓடும் சின்ன ரேடியேட்டர்) ஒழுகலாம். அதுவும் இல்லையா? டேங்கில் விடாமல் குமிழி, சைலன்சரில் நிற்காத வெள்ளைப் புகை, ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த மாதிரி நுரை, இவற்றில் எது இருந்தாலும் எஞ்சினின் தலைப்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்மேல்தான் சந்தேகம். அது பெரிய செலவு. கடையில் விற்கும் லீக் அடைக்கும் பொடியைக் கொட்டி அதைத் தள்ளிப்போட நினைக்காதீர்கள், ஹீட்டர் கோரும் ரேடியேட்டர் குழாய்களும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

எனக்குப் புது பம்ப், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய் ஆனது. முதல் நாளே டெஸ்டர் மாட்டியிருந்தால் மூடிக்கும் ஹோஸுக்கும் கொடுத்த காசு மிச்சம். சில வண்டிகளில் பம்ப் டைமிங் பெல்ட்டில் ஓடும். அப்படியானால் பெல்ட்டையும் கையோடு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அதே கூலியை இன்னொரு முறை கொடுப்பீர்கள். நிரப்பும்போது போர் தண்ணீர் வேண்டாம், உள்ளே உப்புப் படியும். கூலண்ட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி. ஊற்றிவிட்டு, மூடியைத் திறந்தபடியே ஹீட்டரைச் சூட்டில் வைத்து, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும் வரை ஐடிலில் விட்டார் அண்ணன். காற்றுக் குமிழ் மாட்டிக்கொண்டால் லீக் போனபின்னும் முள் ஏறும்.

டேங்கில் ஆறிய மட்டத்துக்கு நேராக ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவைத்தேன். எட்டு மாதம் ஆகிறது, கூலண்ட் டேப்பை விட்டு இறங்கவில்லை.

ஒன்று விட்டுப்போச்சு. வடித்த பழைய கூலண்டைத் தட்டில் அப்படியே வாசலில் வைத்துவிடாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிக்கும், ஆனால் கொடிய விஷம். நாயோ பூனையோ கொஞ்சம் நக்கினாலே சிறுநீரகம் போய்விடும்.