பத்து கிலோவுக்குள் நான்கு பேர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருக்கிறேன். அடுத்த மாதம் சபாவுக்குப் போகிறேன். லஹாட் டத்துவிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் செம்பனைத் தோட்டம், இரண்டு வருட ஒப்பந்தம். ஆபீஸைத் தாண்டினால் இணையம் கிடையாதாம். வேலையாட்கள் பெரும்பாலும் இந்தோனேசியர்கள். தமிழ் பேச ஆளில்லை. விமானத்தில் 20 கிலோ, அதில் 10 கிலோவைப் புத்தகத்துக்கு ஒதுக்க முடியும். நான்கு எழுத்தாளர்களின் முழுப் படைப்புகளை மட்டும் கொண்டுபோக ஆசை. கல்கி, டால்ஸ்டாய், ‘வெண்முரசு’க்காக ஜெயமோகன், மலேசியர் ஒருவர் என்று யோசித்து வைத்திருக்கிறேன். சரிதானா? அந்த ஊர் ஈரத்தில் புத்தகத்தை எப்படிக் காப்பது?

வாசகர், பீடோங்

அன்புள்ள நண்பருக்கு,

பிபிசி வானொலியில் 1942 முதல் இந்த விளையாட்டு நடக்கிறது. தனித்தீவுக்குப் போகும் விருந்தினருக்கு பைபிளும் ஷேக்ஸ்பியர் முழுத் தொகுப்பும் இலவசம். அதற்குமேல் ஒரே ஒரு புத்தகம். எடை யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் நிஜமாகவே போகிறவர், ஆகவே தராசிலிருந்தே தொடங்குவோம்.

நம் புத்தகங்கள் வழக்கமாக வரும் டெமி அளவில், 70 கிராம் தாளில், ஓர் ஏடு இரண்டு கிராமுக்குச் சற்று மேல். ஆயிரம் பக்கம் என்றால் ஐந்நூறு ஏடு, ஒரு கிலோ. கெட்டி அட்டை சேர்த்தால் ஒன்றேகால் கிலோ. ஆக உங்கள் 10 கிலோ என்பது 8,000 பக்கம். பெரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்கு, விடியுமுன் எழுந்திருக்கிற ஆள் இரவில் ஒன்றரை மணி நேரம் படித்தால் பெரிது. நிதானமாக 45 பக்கம் ஓடும். 8,000 பக்கம் ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். இரண்டு வருடத்துக்கு ஒவ்வொன்றையும் நான்கு முறை படிக்க வேண்டியிருக்கும். எனவே எனக்குப் பிடித்தவர் யார் என்று கேட்காதீர்கள். நான்காவது முறையும் யார் தாங்குவார் என்று கேளுங்கள். இரண்டுக்கும் விடை ஒன்றாக இருப்பது அபூர்வம்.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். ‘வெண்முரசு’ 26 நூல்கள், ஏறத்தாழ 26,000 பக்கம். உங்கள் வேகத்தில் 19 மாதம். காலக் கணக்குக்கு அச்சாகப் பொருந்துகிறது. தாள் எடை மட்டும் 27 கிலோ. துணியே இல்லாமல் போனாலும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். தவிர, அது ஜெயமோகனின் ஒரு படைப்புதான். அவரது முழுப் படைப்பு அல்ல. மின்நூலாக ஏற்றிக்கொண்டு போங்கள், அது வேறு கணக்கு.

டால்ஸ்டாயின் முழுத் தொகுப்பு ரஷ்ய மொழியில் 1928 தொடங்கி 1958 வரை 90 தொகுதிகளாக வந்தது. தமிழில் நமக்குக் கிடைப்பது பெரிய நாவல்களும் சில கதைகளும்தான். ‘போரும் வாழ்வும்’ டி. எஸ். சொக்கலிங்கம், ‘அன்னா கரீனினா’ நா. தர்மராஜன் என்று மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு தமிழ். நல்ல புத்தகங்கள்தான். ஆனால் முழு டால்ஸ்டாய் என்று பெட்டியில் எழுதி ஒட்ட முடியாது.

கல்கியை விடச் சொல்வதால் கோபம் வரலாம். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. அடுத்த வாரம் வரை வாசகரைக் காக்க வைப்பதுதான் அந்த அத்தியாயங்களின் வேலை. வாசலில் யார் நிற்கிறார் என்பது தெரிந்துவிட்ட நான்காவது வாசிப்பில் அந்தக் கொக்கி பிடிக்காது. கொண்டுபோயே தீருவேன் என்றால், வந்த மாதிரியே வாரம் ஒரு அத்தியாயம் படியுங்கள். அப்போதுதான் அதன் கட்டுமானம் புரியும். இன்னொன்று, நாட்டுடைமையான எழுத்து என்பதால் ஆளாளுக்குப் பதிப்பித்திருக்கிறார்கள். வாங்குமுன் நடுப்பகுதியில் ஏதாவது பத்துப் பக்கத்தைப் பிழைக்காகப் பாருங்கள். முதல் அத்தியாயத்தை எல்லோரும் ஒழுங்காகத்தான் மெய்ப்புப் பார்த்திருப்பார்கள்.

உங்கள் கடிதத்தில் பெரிய வரி ‘தமிழ் பேச ஆளில்லை’ என்பது. அங்கே கதைக்குப் பஞ்சம் வராது. இந்தோனேசியர்களிடம் மலாயில் எத்தனையோ கதை கேட்கலாம். காது தேடப்போவது தமிழ்ப் பேச்சை. எனவே பக்கத்துக்குப் பக்கம் ஆட்கள் பேசிக்கொண்டிருக்கும் எழுத்தாளர்கள் வேண்டும், அதுவும் ஒரே தமிழில் அல்ல.

அதனால் முதலில் புதுமைப்பித்தன். 42 வயதிலேயே 1948இல் இறந்தவர். நூறு கதை அளவில் எழுதினார். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த காலச்சுவடு தொகுதியை வாங்குங்கள், கதைகள் முழுதும் ஒரே புத்தகத்தில் அடங்கிவிடும். கட்டுரைகளும் மொழிபெயர்ப்புகளும் தனித்தனித் தொகுதிகள், மூன்றையும் எடுங்கள். நெல்லைப் பிள்ளைமார் பேச்சு, சென்னைப் பேச்சு, புராணத்தைக் கிண்டலடிக்கும் நடை, ‘கயிற்றரவு’ மாதிரி மூச்சுத் திணற வைக்கும் நடை எல்லாம் ஒரே ஆளிடம். முதல் சுற்றில் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’, ‘செல்லம்மாள்’ போன்ற புகழ்பெற்ற கதைகளைத் தாண்டிப் போய்விடுங்கள், அவை எங்கும் ஓடாது. அவசரத்தில் எழுதிய இரண்டு பக்கக் கதைகளில்தான் நான்காவது வாசிப்பு பிடிபடும். எங்கே கை தவறுகிறது, எங்கே வேண்டுமென்றே அறுத்துவிடுகிறார் என்பது தெரியும். ‘துன்பக்கேணி’யை மட்டும் சபா போய்ச் சேர்ந்த பிறகு படியுங்கள். அது இலங்கைத் தேயிலைத் தோட்டம். நம் தோட்ட லயத்துக்கும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) அதற்கும் எது ஒன்று, எது வேறு என்பதை உங்களைப்போல ஆபீஸில் செக்ரோல் (வேலையாள் பதிவேடு) எழுதியவர்கள்தான் சரியாகச் சொல்ல முடியும்.

இரண்டாமவர் ப. சிங்காரம். மொத்தமே இரண்டு நாவல்: ‘கடலுக்கு அப்பால்’, 1972இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’. இரண்டும் சேர்ந்து ஒரு கிலோ வராது. இவரைப் பக்கக் கணக்கால் அளந்து ஒதுக்கிவிடாதீர்கள். மெடானும் பினாங்கும், செட்டியார்களின் வட்டிக்கடையும், அங்கே வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனும் அடுத்தாளும் பேசுகிற பேச்சும், நடுநடுவே மதுரைத் தெரு ஞாபகமும் கலந்து வரும். மலாய்ச் சொற்களுக்குத் தமிழ்நாட்டு வாசகர் பின்குறிப்பைத் தேடுவார். பீடோங்காரருக்கு அது தேவையில்லை. முதல் வாசிப்பில் இந்திய தேசிய ராணுவம், போர் என்று சம்பவத்தின் பின்னால் ஓடுவீர்கள். இரண்டாவதில் ‘புயலிலே ஒரு தோணி’யின் நாயகன் பாண்டியனின் மனத்துக்குள் நடக்கும் வாதங்களை மட்டும் படியுங்கள். பழந்தமிழ் வரிகளை அவர் எப்படி உடைத்துக் கேலிக்குப் பயன்படுத்துகிறார் என்பது மூன்றாவதில்தான் தட்டுப்படும்.

மலேசியருக்கு நான் அ. ரெங்கசாமியைச் சொல்வேன், காரணம் சிங்காரம்தான். ஜப்பான்காரன் 1941 டிசம்பரில் கோத்தா பாருவில் இறங்கியதிலிருந்து தொடர்ந்த அதே மூன்று வருடம் எட்டு மாதத்தைச் சிங்காரம் பட்டணத்துக் கிட்டங்கியிலிருந்து பார்த்தார் என்றால், இவர் தோட்டத்திலிருந்து பார்த்தார். ஜப்பானியர் கட்டாய வேலை வாங்கிப் போட்ட சயாம் மரண ரயிலுக்கு ‘நினைவுச்சின்னம்’, இந்திய தேசிய ராணுவத்துக்கு ‘இமையத் தியாகம்’. ‘லங்காட் நதிக்கரை’யும் உண்டு. ஒருவரில் ஓர் அத்தியாயம், மற்றவரில் ஓர் அத்தியாயம் என்று மாற்றி மாற்றிப் படித்தால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் திருத்திக்கொள்வார்கள். இன்றைய தோட்டம்தான் வேண்டும் என்றால் சீ. முத்துசாமி, ‘மண்புழுக்க’ளிலிருந்து தொடங்கலாம்.

இங்கே ஒரு தொல்லை உண்டு. நம் மலேசிய எழுத்தாளர்களின் நூல்கள் குறைந்த பிரதிகளே அச்சாகி, தீர்ந்ததும் மறைந்துவிடும். பத்திரிகைக் கதைகள் பல நூலாகவே வராது. முழுத் தொகுப்பை வாங்க முடியாது, நீங்களாகத்தான் சேர்க்க வேண்டும். தலைப்புகளை முதலில் ஒரு தாளில் எழுதி, எது கையில் இருக்கிறது என்று குறியிடுங்கள். பிறகு எழுத்தாளர் சங்கத்துக்காரர்கள், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். கடைக்குக் கடைசியாகப் போனால் போதும்.

நான்காவது ஆள் கபிலர். சிரிக்காதீர்கள். சங்கப் புலவர்களில் அதிகம் பாடியவர், 235 பாட்டு. ஆனால் ‘கபிலர் முழுப் படைப்புகள்’ எடுத்துப்போகிற வடிவில் இருக்காது, எட்டு நூல்களில் சிதறிக் கிடக்கும். ஐங்குறுநூற்றில் குறிஞ்சி நூறும், கலித்தொகையில் குறிஞ்சிக்கலி 29ம், பதிற்றுப்பத்தில் ஏழாம் பத்தும், பத்துப்பாட்டில் குறிஞ்சிப்பாட்டும் மொத்தமாகக் கிடைக்கும். குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு, புறநானூறு நான்கிலும் புலவர் பெயர் அகராதியைப் பார்த்து எண்களைப் பொறுக்க வேண்டும். உரையோடு நகலெடுங்கள்: குறுந்தொகைக்கு உ.வே.சா., நற்றிணைக்குப் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர், புறநானூற்றுக்கு ஔவை துரைசாமிப் பிள்ளை, கலிக்கும் குறிஞ்சிப்பாட்டுக்கும் நச்சினார்க்கினியர். ஏ4 தாளைக் கிடையாக வைத்து இரு பக்கமும் எடுத்தால் ஒரு தாளில் நான்கு புத்தகப் பக்கம் அடங்கும். தாள் ஒன்று 5 கிராம், 150 தாளில் முடித்துவிடலாம். முக்கால் கிலோ.

பெயரில் ஏமாந்துவிடாதீர்கள். ‘இன்னா நாற்பது’ பாடிய கபிலரும், பதினோராம் திருமுறையில் வரும் கபிலதேவ நாயனாரும் பிற்காலத்தவர்கள். அவர்களைச் சேர்த்தால் பாரியின் நண்பர் குரல் கலங்கிப்போகும். நான்கு பேரில் இரண்டு வருடம் முழுக்க நிற்கக்கூடியவர் இவர்தான். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு, உரையைக் கையால் மூடிக்கொண்டு முதலில் நீங்களே பொருள் சொல்லிப் பாருங்கள். 99 பூக்களை அடுக்கும் குறிஞ்சிப்பாட்டே ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிக்கப் பாடியது என்பார்கள். வேற்றுமொழிக்காரர் நடுவே உட்கார்ந்து படிக்கப் பொருத்தமானதுதான்.

கி. ராஜநாராயணனும் அசோகமித்திரனும் விடுபட்டதில் எனக்கும் வருத்தம்தான். இந்த நால்வரும் 10 கிலோவை நிரப்ப மாட்டார்கள். மிச்ச எடையில் கி.ரா.வின் கதைத் தொகுப்பும், கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியும் போகட்டும். விதி மீறல் என்று யாரும் சபா வந்து பெட்டியைத் திறக்கப் போவதில்லை.

இனிக் காப்பது. முதுகின் மேல் விளிம்பைப் பாருங்கள். தாள்கள் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தால் தைத்தது. ஒற்றைத் தாள்களாகப் பசையில் நின்றால், கனத்த புத்தகம் அந்த வெக்கையில் நடுவில் பிளந்துவிடும். போகுமுன் பைண்டரிடம் கொடுத்து இரண்டாகப் பிரித்துத் தைத்து வாங்குங்கள். பூசணம் காற்றின் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றால் பிடிக்கும். சபா குவாட்டர்ஸில் அதுதான் சாதாரண நாள். ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். பலர் ஈரத்தோடு இருக்கும் புத்தகத்தையே போட்டு மூடிவிடுகிறார்கள். உள்ளேயே பூசணம் வளரும். முதலில் ஆபீஸ் ஏர்கோன் அறையில் இரண்டு நாள் விரித்து நிறுத்துங்கள், பிறகு பெட்டி. நிறம் மாறும் ஜெல் வாங்குங்கள். நிறம் மாறியதும் வாணலியில் இளஞ்சூட்டில் பழைய நிறம் வரும்வரை வறுத்தெடுக்கலாம். புத்தகத்தை வெயிலில் காயவைக்காதீர்கள், அட்டை வளைந்து பசை விட்டுவிடும். பாச்சை உருண்டை பூச்சிக்குத்தான், பூசணத்துக்கு ஆகாது. பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கட்டைமேல் வையுங்கள். கரையான் வந்தால் மண்கோடு கண்ணில் படும்.

மின்நூலுக்கு மதுரைத் திட்டத்தில் சங்க நூல்களின் மூலம் முழுதும் இலவசம். பீடோங்கிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், கிளம்புமுன் இணையத்தை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள்.

அன்புடன்.