வாட்ஸ்அப்பில் வரும் எல்எல்-37 ஊசி: அப்பாவின் கால் புண்ணுக்குப் போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை நோயாளி. பாதப் புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. கல்ச்சரில் (கிருமி வளர்ப்புப் பரிசோதனை) கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வந்திருக்கிறது. மெரோபெனம் உட்பட எல்லா ஆன்டிபயாடிக்குகளுக்கும் ‘R’ (கட்டுப்படாது), கோலிஸ்டினுக்கு மட்டும் ‘S’ (கட்டுப்படும்). மனித எதிர்ப்புச் சக்திப் புரதத்திலிருந்து வந்த எல்எல்-37 பெப்டைடு (சிறு புரதத் துண்டு) ஊசி எந்தக் கிருமியையும் கொல்லும் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். எல்எல்-37 கட்டுக்கதை அல்ல. வெள்ளணுக்களும் தோலும் உருவாக்கும் 37 அமினோ அமிலத் துண்டு அது. பாக்டீரியாவின் மேலுறையில் ஒட்டிக்கொண்டு அதில் ஓட்டை போடும். ஆனால் சோதனைக் குழாயில் காட்டும் வீரத்தை ரத்தத்தில் காட்டாது. அங்குள்ள நொதிகள் அதை நறுக்கிவிடும், புரதங்கள் மடக்கிவிடும். ஈடுகட்ட அளவைக் கூட்டினால் நம் செல்களுக்கே கேடு.

கால் நாளங்களில் ரத்தம் தேங்குவதால் வரும் புண்ணில் இதைத் தடவிப் பார்த்த சோதனை 2014-ல் வெளியானது, 34 நோயாளிகள். மில்லிலிட்டருக்கு 0.5, 1.6 மி.கி. அளவுகளில் புண் வேகமாகச் சுருங்கியது, 3.2 மி.கி.யில் போலி மருந்தைவிட ஒரு பலனும் இல்லை. அடுத்து 148 பேரிடம் செய்ததில் மொத்தமாகப் பார்த்தால் பலன் நிரூபணமாகவில்லை. இரண்டுமே புண்ணில் தடவியவை, ஊசி அல்ல.

விற்பவரிடம் குப்பியின் லேபிளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று பொடி எழுத்தில் இருக்கும். ‘98% தூய்மை’ என்று காட்டும் சான்றிதழ் பெப்டைடில் கலப்படம் எவ்வளவு என்பதைத்தான் சொல்லும். கிருமி நீக்கியதா, காய்ச்சலும் ரத்த அழுத்தச் சரிவும் உண்டாக்கும் எண்டோடாக்சின் இருக்கிறதா என்பதற்கு அதில் பதிலே கிடையாது. கூடவே ‘வைட்டமின் டி எடுத்தால் எல்எல்-37 தானாக ஊறும்’ என்று 60,000 யூனிட் சாஷேவையும் தலையில் கட்டுவார்கள். அதைத் தினமும் விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும்.

ஆனால் ‘பெப்டைடு’ என்றாலே ஏமாற்று என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் கோலிஸ்டினும் பெப்டைடுதான்; மண் பாக்டீரியாவிடமிருந்து வந்து, பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள உண்மையான மருந்து. என் சந்தேகமெல்லாம் அந்த ‘S’ மேல்தான். கோலிஸ்டின் மூலக்கூறு பெரியது, கிருமி வளர்க்கும் அகார் கூழில் சரியாகப் பரவாது. எனவே வட்டு வைத்துப் பார்க்கும் டிஸ்க் சோதனை இதற்குச் செல்லாது. பிராத் மைக்ரோடைல்யூஷன் (திரவத்தில் மருந்தைப் படிப்படியாக நீர்த்துப் பார்க்கும் சோதனை) செய்து எம்ஐசி எண் (கிருமி வளர்வதைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்து அளவு) தர வேண்டும். லேப் சோதனைகளுக்கு அளவுகோல் வகுக்கும் சிஎல்எஸ்ஐ அமைப்பின் 2020 முதலான விதியில் இந்த மருந்துக்கு ‘S’ என்ற பிரிவே இல்லை: எம்ஐசி 2 வரை ‘I’ (இடைநிலை), 4-ம் அதற்கு மேலும் ‘R’. இது தெரியாமல் இன்றும் டிஸ்க் போட்டு ‘S’ அடித்துக் கொடுக்கும் லேப்களை யாரும் கேட்பதில்லை.  அளவிலும் ஒரு குழி உண்டு. 10 லட்சம் யூனிட் என்பது சுமார் 80 மி.கி. கோலிஸ்டிமெதேட் (ஊசியில் இருக்கும் கோலிஸ்டின் வடிவம்), அதையே கோலிஸ்டின் பேஸாகக் கணக்கிட்டால் சுமார் 30 மி.கி. சீட்டில் வெறும் ‘மி.கி.’ என்றிருந்தால் எந்தக் கணக்கு என்று கேளுங்கள். மாறினால் சிறுநீரகம்தான் விலை.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: சாம்பிள் எப்படி எடுத்தார்கள்? மேலாகப் பஞ்சால் துடைத்து எடுத்திருந்தால் வந்தது புண்ணின் மேல் குடியிருக்கும் கிருமியாக இருக்கலாம். சலைனில் கழுவி, செத்த சதையை அகற்றி, புண்ணின் அடியிலிருந்து திசுவைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் எடுப்பது நல்லது. சிவப்பு, வீக்கம், சூடு, வலி, சீழ் எதுவுமே இல்லாவிட்டால் ரிப்போர்ட்டில் கிருமி இருக்கிறதென்பதற்காக ஆன்டிபயாடிக் தேவையில்லை. பாதத்தின் மேல் பாரம் விழாமல் பார்த்து, கால் ரத்த ஓட்டத்தைச் சோதித்து, சர்க்கரையைக் கட்டுப்படுத்தினாலே பெரும்பாலும் புண் நகரும். சிவப்பு புண்ணைச் சுற்றி 2 செ.மீ.க்கு மேல் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, உள்ளே எலும்பு தட்டுப்பட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேருங்கள். கோலிஸ்டின் ஆரம்பிக்கிறார்கள் என்றால் முதல் டோஸுக்கு முன்பே சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிடச் சொல்லுங்கள்.